கயிறோடு ஒன்று, கயிறில்லாமல் ஒன்று

ஏப்ரல் 27, திங்கள்

மறுபடியும் திரிந்துவிட்டது.

குளிர் அறைக் கதவைத் திறந்ததுமே தெரிந்துபோயிற்று. நேற்றுத் தெளிவாக இருந்த மொச்சைச் சாறு, எலுமிச்சம்பழம் பிழிந்த பால் மாதிரி பைக்குள் கட்டி கட்டியாகத் தொங்கியது. தொட்டியில் கொட்டிக் கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன். சனியன்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கல்யாண வீடுகளில் கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். மொச்சைக் கொட்டையை ஊறவைத்து அரைத்து அதிலிருந்து ஒரு புரதத்தைப் பிரிக்கிறேன், அதுதான் என் பிஎச்டி. பிரித்ததை ஒரு பையில் கட்டி, பஃபர் கரைசலில் மிதக்கவிட்டுக் குளிர் அறையில் வைக்க வேண்டும். பஃபர் என்பது மாமியார் மருமகள் சண்டைக்கு நடுவில் நிற்கிற மாமனார் மாதிரி. இந்தப் பக்கம் அமிலம் வந்தாலும் அந்தப் பக்கம் காரம் வந்தாலும் தாங்கிக்கொண்டு பிஹெச்சை, அதாவது அமில கார அளவை, அசையவிடாது. பஃபர் நன்றாக அமைந்தால் புரதம் தெளிவாக இருக்கும். இல்லையென்றால் இன்றைய கதைதான்.

என் பஃபரில் திரிகிறது. ஜெசிந்தாவின் பஃபரில் திரிவதில்லை. பஃபர் கலக்குகிற அதே ட்ரிஸ் பொடி, அதே தண்ணீர், அதே தராசு. இரண்டு பாட்டிலின் மேலும் பிஹெச் 7.5 என்றுதான் எழுதியிருக்கிறது. ஒருமுறை அவளுடையதைக் கடன் வாங்கிப் போட்டேன், புரதம் பளிச்சென்று வந்தது. ஆனால் அவரவர் தீசிசுக்கு அவரவர் பஃபர்தான் என்பது சுந்தரி மேடத்தின் சட்டம். மேடம்தான் எங்கள் கைடு.

இன்று மேடம் கூப்பிட்டார்.

"மங்கை, மே மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். ஜூன்ல ரிவியூ கமிட்டி வருது. அதுக்குள்ள வரலைன்னா மொச்சைய ஜெசிந்தாகிட்ட குடுத்துடு. நீ வேற ஏதாவது புதுசா ஆரம்பி."

"மேடம், நான் இப்ப அஞ்சாவது வருஷம்."

"உன்மேல தப்பு சொல்லலம்மா. நானும் சயின்ஸ் படிச்சவதான். இருந்தாலும் கைராசின்னு ஒன்னு இருக்குல்ல? எத்தனை வருஷமா பாக்குறேன். சில பேரு கைக்கு வரும், சில பேரு கைக்கு வராது."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வெளியே வந்து என் கையைப் பார்த்தேன். இது எனக்கே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 29, புதன்

உறையூரில் அண்ணியின் புது வீடு. அண்ணி என்றால் என் வீட்டுக்காரர் குணசேகரனின் அக்கா. விடிவதற்குள் பால் காய்ச்சினார்கள். நானும் எழுந்து சமையலறைப் பக்கம் போனேன். இவர் எங்கிருந்தோ ஓடி வந்து, "புகையா இருக்கு மங்கை, நீ ஹால்ல உக்காரு" என்று கையைப் பிடித்து அழைத்துவந்து ஃபேனுக்கு நேராக உட்காரவைத்தார். மற்றப் பெண்கள் எல்லாம் ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள். யார் புருஷன் இப்படிப் பார்த்துக்கொள்கிறான்?

வீட்டிலும் அப்படித்தான். போன வருடத்திலிருந்து பால் காய்ச்சுவது, உறை ஊற்றுவது, விளக்கேற்றுவது எல்லாம் இவரே. "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த உடம்பு, ரெஸ்ட் எடு" என்பார். உடம்பு தேறி எவ்வளவோ நாளாகிவிட்டது. சொன்னால் கேட்பதில்லை. தங்கமான மனுஷன்.

மே 3, ஞாயிறு

அண்ணி சமயபுரம் போய்விட்டு நேராக இங்கே வந்தார். கையில் ஒரு சிவப்புக் கயிறு.

"அந்த ஆசிட்டுல நின்னு நின்னுதான் உனக்கு இப்படியெல்லாம் ஆவுது. வேலைய விடுன்னா கேக்க மாட்டேங்குற. இதையாவது கட்டிக்க. கைக்கு நல்லது."

"என் கைக்கு என்ன அண்ணி?"

அண்ணி கயிற்றின் சிக்கைப் பிரித்தார். இவர் ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கயிற்றை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். ஆனால் மணிக்கட்டை நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று தெரியவில்லை. அண்ணி மூன்று முடிச்சுப் போட்டார்.

மாலையில் அலமாரியில் துணி அடுக்கினேன். கீழ்த்தட்டை மட்டும் திறக்கவில்லை.

மே 5, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் பிறந்த மறுநாளே எங்கள் ஆய்வறை ஏசி மண்டையைப் போட்டது. மெக்கானிக் வர நாளாகுமாம். திருச்சி வெயிலில் கண்ணாடி ஜன்னல் வைத்துக் கட்டிய மகராசனை என்ன சொல்ல. வேர்வை கண்ணில் இறங்க இறங்கப் பஃபர் கலக்கி, பிஹெச் மீட்டரில் 7.5 பிடித்து, புரதத்தைக் கட்டிக் குளிர் அறையில் போட்டேன். அங்கேயே நின்றுவிடலாமா என்று இருந்தது.

மே 7, வியாழன்

தெளிவு! பச்சைத் தண்ணீர் மாதிரித் தெளிவு!

பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்க ஓடினேன். ஜெசிந்தா தன் அறையிலிருந்து வெளியே வந்து, "மாதாவே! வந்துருச்சா?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். கள்ளமில்லாத சிரிப்பு அவளுக்கு. அவளுக்கு வீசிங் உண்டு, ஏசி ஆகாது. அதனால் வராந்தாக் கோடியில் பழைய அறை ஒன்றில், ஒற்றை ஃபேனும் ஒரு பழைய பிஹெச் மீட்டருமாகக் காலம் தள்ளுகிறாள். இரண்டு பேரும் கேன்டீனில் போண்டா சாப்பிட்டோம்.

மேடம் பையைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"கோயில் கயிறா?"

"ஆமா மேடம்."

"எதுவா இருந்தா என்ன. அவுக்காத. இன்னும் ரெண்டு தடவ இதே மாதிரி வந்துருச்சுன்னா போதும், மொச்சை உன்னுதுதான்."

அவர் சிரிக்காமல் சொன்னார்.

மே 8, வெள்ளி

குளிக்கும்போது கயிறு நனையாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளித்தேன்.

மே 12, செவ்வாய்

ஏசி சரியாகிவிட்டது. அறை சில்லென்று இருக்கிறது, வேலை ஓடுகிறது. கையுறைக்குள் கயிற்றின் சாயம் இறங்கி, மணிக்கட்டு வெட்டுப்பட்டது மாதிரி சிவந்திருந்தது. அவிழ்த்துக் கைப்பையில் போட்டுவிட்டுப் பஃபர் கலக்கினேன். படித்தவள் இல்லையா நான்.

மே 14, வியாழன்

திரிந்துவிட்டது.

கயிறு கைப்பையில்.

மே 15, வெள்ளி

கட்டிக்கொண்டேன். நானே ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டேன், பல்லால் இழுத்து.

இவர் பார்த்தார். உறை ஊற்றிய பாத்திரத்தை மேல்தட்டில் வைத்தார். என் கைக்கு எட்டாத உயரம்.

மே 19, செவ்வாய்

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. சொன்னால் பல்கலைக்கழகமே சிரிக்கும்.

நேற்று நான் அந்தக் கயிற்றை வைத்துச் சோதனை செய்தேன்.

முறைப்படியே செய்தேன். ஒரே மொச்சைச் சாற்றை இரண்டாகப் பிரித்தேன். கயிறு கட்டிக்கொண்டு ஒரு பஃபர், கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டு ஒரு பஃபர். எடை, தண்ணீர், நேரம் எல்லாம் ஒன்று. இரண்டு பாட்டிலிலும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'க' என்றும் 'இ' என்றும் எழுதினேன். ஜெசிந்தா வந்து, "என்னடி இது புதுசா க, இ?" என்றாள். "கன்ட்ரோல்" என்றேன். பொய்யில்லை.

இன்று பார்த்தால் இரண்டும் திரிந்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று சளைக்காமல்.

கயிற்றுக்கு ஒரு சக்தியும் இல்லை என்று நிரூபித்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டியதுதானே? குளிர் அறையில் உட்கார்ந்து அழுதேன். கயிறு இல்லையென்றால் பிறகு என்ன மிச்சம்? கைதான் மிச்சம்.

எழுதிவிடுகிறேன். எழுதாமல் இத்தனை மாதம் ஓட்டியாயிற்று, என்ன கண்டேன்.

முதலாவது மூன்றாம் மாதத்திலேயே போனது. எல்லாருக்கும் நடப்பதுதான் என்றார்கள், நானும் எழுந்து வேலைக்குப் போனேன். இரண்டாவது போன வருடம், எட்டாம் மாதம். பெண். முடி நிறைய இருந்தது. என் கையில்தான் கொடுத்தார்கள். சூடு இருந்தது, அப்புறம் இல்லை. அலமாரிக் கீழ்த்தட்டில் அவளுக்கென்று வாங்கிய இரண்டு சட்டை இருக்கிறது.

டாக்டர் எல்லாச் சோதனையும் எடுத்துவிட்டு, "காரணம்னு ஒன்னும் தெரியலம்மா" என்றார். காரணம் இல்லையென்றால் நான்தானே காரணம்? அப்போது அப்படி நினைக்கவில்லை. இந்த மொச்சைதான் எனக்குள் அந்த நினைப்பைப் போட்டது. ஒவ்வொரு முறை அந்தப் பை திரியும்போதும், தொட்டதெல்லாம் இப்படித்தான் போகும் என்று யாரோ காதுக்குள் சொல்கிறார்கள். நான் மொச்சைக்காக அழவில்லை.

மே 21, வியாழன்

மேடத்திடம் போய், ஜெசிந்தாவுக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். மாதக் கடைசி வரை இழுப்பானேன். "சரிம்மா" என்றார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மே 22, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மொச்சையை ஒப்படைக்க ஜெசிந்தாவின் அறைக்குப் போனேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "எனக்கு வேணாம்டி. உன் வயித்தெரிச்சல நான் ஏன் கொட்டிக்கணும்? மேடத்துக்கிட்ட நான் பேசுறேன்" என்றாள். அவளே கண் கலங்கிவிட்டாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "உக்காரு, பஃபர் போட்டுட்டு வரேன், சாப்பிடப் போலாம்" என்றாள்.

அந்த அறையில் உட்கார முடியவில்லை, அடுப்படி மாதிரி அனல். பக்கத்து அறையில் கிருமி நீக்கும் கொதிகலன் வேறு. ஜெசிந்தா கெட்டிலில் தண்ணீர் சுடவைத்தாள்.

"டீயா?"

"பஃபருக்குடி. பச்சைத் தண்ணில எவ கலக்கிட்டு நிப்பா? சுடுதண்ணின்னா பொசுக்குன்னு கரைஞ்சிரும்."

கரைத்தாள். கையோடு கையாக மீட்டரை விட்டாள். பீக்கர் வெதுவெதுப்பாக இருந்தது, நான் தொட்டுப் பார்த்தேன். 7.5 வந்ததும் பாட்டிலில் ஊற்றி எழுதி ஒட்டிவிட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"ஆற வைக்க மாட்டியா?"

"எதுக்கு? எப்படியும் குளிர் ரூமுக்குத்தானே போகுது, அங்க போய் ஆறிக்கட்டும்."

எம்.எஸ்ஸி.யில் இரண்டு மார்க் கேள்வி இது. ட்ரிஸ் பஃபரின் பிஹெச் சூடு குறையக் குறைய ஏறும். எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கியவள் நான். அதனால்தான் நான் எப்போதும் ஏசி அறையில், ஆறவைத்து, புத்தகம் சொன்னபடி அளப்பேன். சரியாகச் செய்கிறேன் என்பதில் எனக்கு அத்தனை திமிர்.

ஆனால் ஜெசிந்தாவின் பாட்டிலை இதுவரை ஒருத்தரும் அளந்து பார்த்ததில்லை. ஒருவர் பாட்டிலில் இன்னொருவர் மீட்டரை விடக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தில் எச்சில் பார்ப்பது மாதிரி. அதிலும் கைராசிக்காரியின் பாட்டிலை யார் சந்தேகப்படுவார்கள்?

கையடக்க மீட்டரை எடுத்துக்கொண்டு குளிர் அறைக்குள் போனேன். அங்கேயே கிடந்து குளிர்ந்த பாட்டில்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளந்தேன். ஜெசிந்தாவுடையது 8.5. என்னுடையது 8.1. 'க' 8.1. 'இ' 8.1. ஏசி கெட்டுப்போன அன்று நான் போட்டதில் மீதி அரை பாட்டில் இருந்தது. அது 8.5.

மேடத்தின் கட்டுரை, இந்தப் புரதம் ஏழரையில் சுகமாக இருக்கும் என்கிறது. அந்தக் கட்டுரைக்கான பஃபரும் ஜெசிந்தா போட்டதுதான். அந்தப் புரதம் ஏழரையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எட்டை ஒட்டி வந்தால் கட்டிப்படுகிறது, எட்டரையில் கரைகிறது. அவ்வளவுதான் விஷயம். தப்பாக அளந்தவளுக்கு வந்தது, சரியாக அளந்தவளுக்கு வரவில்லை.

கைராசி என்று ஆய்வகமே சொன்னது ஒரு கெட்டில் சுடுதண்ணீரை.

மே 25, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்தேன். ஏசி அறையிலேயே, நன்றாக ஆறவைத்து, 7.9 என்று பிடித்தேன். குளிர் அறைக்குப் போனால் அது எட்டரை ஆகிவிடும். அதே கை. கயிறு இல்லை. இரண்டு பை போட்டேன், இரண்டும் தெளிவு.

மேடத்திடம் சொன்னேன். முதலில், "நீ தப்பா அளந்திருப்ப" என்றார். மீட்டரை வாங்கிக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு தானே குளிர் அறைக்குள் போனார். நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றோம். வெளியே வந்தபோது அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"என் பேர்ல வந்த பேப்பர். அந்த வரிய நான்தான் திருத்தி எழுதணும்" என்றார். பிறகு, "மொச்சைய நீயே வச்சுக்க. ரிவியூல நீயே பேசு" என்றார். பிறகு கதவு வரை போய்த் திரும்பி, "கைராசின்னு உங்கிட்ட சொன்னேன்ல, அத மனசுல வச்சுக்காத" என்றார். வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் தலையாட்டினேன்.

ஜெசிந்தாதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி, அப்ப இத்தன வருஷமா என் கைராசி கைராசின்னீங்களே, எல்லாம் இந்த வேர்வைதானா?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது ஒன்று உறைத்தது. இந்த மொச்சைக்கும் காரணம் தெரியவில்லை என்றுதானே இத்தனை நாள் சொன்னோம். தெரியவில்லையே தவிர, இருந்தது. டாக்டரும் தெரியவில்லை என்றுதான் சொன்னார். உன் கை என்று அவர் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டேன்.

மே 26, செவ்வாய்

வேலை முடிந்து வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுச் சந்தோஷப்பட்டார், நிஜமாகவே. அல்வா வாங்கி வந்தார். பால் பாக்கெட்டை எடுத்து நான் பாத்திரத்தில் ஊற்றப் போனேன். பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"நீ விடு, நான் பாத்துக்குறேன். நீ ரெஸ்ட் எடு."

பிடித்த கையை அவர் விடவில்லை. நானும் பாக்கெட்டை விடவில்லை. அப்படியே நின்றோம். மேல்தட்டில் உறைப் பாத்திரம் இருந்தது. அண்ணி வீட்டு ஃபேனும் புகையும் ஞாபகம் வந்தன.

"எப்பலேர்ந்துங்க?"

"எது?"

"எப்பலேர்ந்து என்னை எதையும் தொட விடாம பாத்துக்குறீங்க?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பாப்பா போனப்பறம். அக்காதான்... ஒரு வருஷம் மட்டும்னு சொன்னா. நான் நம்பல மங்கை. சத்தியமா நம்பல."

"நம்பாமத்தான் விளக்கக்கூட ஏத்த விடலையா?"

"பயந்தேன்" என்றார்.

கத்தினேன். கீழ் வீட்டுக்காரர்கள் கேட்டிருப்பார்கள், கேட்கட்டும். தங்கமான மனுஷன் என்று எழுதி எழுதி வைத்த கையை உடைக்க வேண்டும் என்று கத்தினேன். அவர் அழுதார். ஆஸ்பத்திரியில்கூட என் எதிரில் அழாதவர். பார்க்கப் பார்க்க என் சத்தம் அடங்கிவிட்டது. 'க' என்றும் 'இ' என்றும் பாட்டிலில் எழுதியவள்தானே நானும். அவருக்கும் எனக்கும் ஒரே பயம், ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். ஆனால் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. இன்னும் இல்லை.

பாலை நானே காய்ச்சினேன். ஆறவைத்து நானே உறை ஊற்றினேன். ஜன்னலோரம், என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன்.

மே 27, புதன்

இரவு நல்ல மழை. கோடை மழை, ஆலங்கட்டி போல அடித்தது.

காலையில் சமையலறையில் இவர் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"மங்கை, உறையல."

எட்டிப் பார்த்தேன். பாலாகவே கிடந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் திப்பி. அவர் என் முகத்தையே பார்த்தார்.

"ஜன்னல் திறந்து கிடந்திருக்கு. ராத்திரி குளிர்ந்துபோச்சு, உறையும் கம்மி" என்றேன்.

"வேற தயிர் வாங்கிட்டு வந்துரவா?"

"வேண்டாம். மதியத்துக்குள்ள உறைஞ்சிரும்."

துணியைச் சுற்றி அரிசி டப்பாவுக்குள் இறக்கி மூடினேன். அவர் இன்னும் அங்கேயே நின்றார்.

"நகருங்க, பஸ் போயிரும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.